கழுத்தில் தொங்குது மரு... நூல் கட்டாதீங்க, முதலில் சுகர் பாருங்க!

சென்னை:

சட்டை காலரை கொஞ்சம் இழுத்து விட்டு கண்ணாடியில் கழுத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் கடுகு சைசிலோ மிளகு சைசிலோ ஏதாவது தொங்குகிறதா? விரலால் தட்டினால் அப்படியும் இப்படியும் ஆடுகிறதா? வலி கிலி எதுவும் இல்லையா?

இருந்தால் பயப்பட வேண்டாம். நடுத்தர வயதைத் தாண்டியவர்களில் ஏராளமானவர்களுக்கு இது உண்டு. இதனால் உயிருக்கு ஆபத்து கிடையாது. ஆனால் அதை எடுக்கிறேன் என்று வீட்டிலேயே நூலைக் கட்டி, சுண்ணாம்பு வைத்து, கடைசியில் சீழ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்களே, அதில்தான் ஆபத்து. இன்னொரு விஷயமும் இருக்கிறது. கழுத்தில் கொத்துக்கொத்தாக தொங்கும் மரு சில பேருக்கு சர்க்கரை நோய் வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் மணி. அந்த மணியை வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம்.

எல்லாமே ‘மரு’தானா?

நம்ம ஊரில் தோலில் எது நீட்டிக்கொண்டு இருந்தாலும் அதற்குப் பெயர் மரு. சில ஊர்களில் பாலுண்ணி என்பார்கள். சிலர் உண்ணி என்பார்கள். கருப்பாக இருந்தால் மச்சம். ஆனால் தோல் டாக்டரிடம் போனால் இது எல்லாம் வேறு வேறு ஆட்கள்.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு கீழே, கண் இமை ஆகிய இடங்களில் மெல்லிய காம்பு வைத்துக்கொண்டு மெத்தென்று தொங்குவதை டாக்டர்கள் ‘ஸ்கின் டேக்’ என்கிறார்கள். ‘அக்ரோகார்டான்’ என்று வாயில் நுழையாத பெயரும் அதற்கு உண்டு. நாம் இந்தச் செய்தியில் ‘தொங்கு மரு’ என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன இருக்கிறது? கொஞ்சம் நார்த்திசு, ஒன்றிரண்டு பொடி ரத்தக்குழாய், மேலே சாதாரண தோல். அவ்வளவுதான். வேர் கிடையாது, விஷம் கிடையாது, கெட்ட ரத்தமும் கிடையாது.

முக்கியமான விஷயம், இது ஒட்டாது. ஒரே துண்டில் முகம் துடைத்தாலும், பக்கத்தில் படுத்தாலும், குழந்தையைத் தூக்கினாலும் அடுத்தவருக்கு வராது. வீட்டில் அப்பா, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம். அது பரம்பரை வாகு, தொற்று அல்ல.

கையிலும் காலிலும் சொரசொரப்பாக, கெட்டியாக, காலிபிளவர் மாதிரி வருகிறதே, அதுதான் ஒட்டும் மரு. அது வைரஸ் கிருமியால் வருவது. பிளேடு, ரேசர், சொறியும் விரல் நகம் வழியாக ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு போகும். குழந்தைகளின் முகத்திலும் உடம்பிலும் முத்து மாதிரி பளபளப்பாக, நடுவில் சின்ன குழியோடு வருவது இன்னொரு வகை. அதுவும் வைரஸ்தான், அதுவும் ஒட்டும். பெண்களுக்கு கன்னத்தில், கண்ணைச் சுற்றி எள்ளு தூவியது போல பொடிப்பொடியாக கருப்பு புள்ளிகள் புடைத்து வருவது மூன்றாவது ரகம். நம்மைப் போன்ற கருத்த தோலில் அது சகஜம், ஆபத்து இல்லை, ஒட்டாது.

‘ஒண்ணை வெட்டினா ரத்தம் பட்டு பத்து முளைக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். வைரஸ் மரு விஷயத்தில் இது ஓரளவு உண்மை. கீறி விட்டால் சுற்றி பரவும். தொங்கு மருவுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. ஒன்றை எடுத்த பிறகு பக்கத்தில் புதிதாக வந்தால், அது அந்த உடம்பின் வாகு. வெட்டிய ரத்தத்தின் வேலை இல்லை.

ஏன் கழுத்திலும் அக்குளிலும்?

தோலோடு தோல் உரசும் இடம், துணி உரசும் இடம், வியர்வை தங்கும் இடம். இந்த மூன்றும் சேர்ந்த இடங்களில்தான் தொங்கு மரு அதிகம் வருகிறது. உடம்பு எடை கூடக்கூட மடிப்பு கூடும். மடிப்பு கூடினால் உரசல் கூடும். நாள் முழுக்க கெட்டி காலர் சட்டை போட்டு ஆட்டோ ஓட்டுபவர், கழுத்தில் தாலி சரடும் செயினும் போட்டுக்கொண்டு வெயிலில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாம் ‘இங்க உரசி உரசித்தான் வந்துச்சு’ என்று சொல்வது சும்மா இல்லை. ஆனால் உரசல் மட்டும் காரணம் என்றால் காலர் சட்டை போட்ட எல்லோருக்கும் அல்லவா வர வேண்டும்?

கர்ப்பமாக இருக்கும்போது ஹார்மோன் மாற்றத்தால் சில பெண்களுக்கு புதிதாக தொங்கு மரு வரும். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு அது சுருங்கியும் போகும். அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டாம். பிள்ளை பிறந்து சில மாதம் போகட்டும்.

மற்றவர்களுக்கு? அங்கேதான் சர்க்கரை வருகிறது.

கழுத்து சொல்லும் சர்க்கரை கணக்கு

நாம் சாப்பிடும் இட்லியும் சோறும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஓடுகிறது. அந்த சர்க்கரை தசைக்குள் நுழைய கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின். தொப்பை போட்டு, உடல் உழைப்பு குறைந்து, பரம்பரை வாகும் சேர்ந்துகொண்டால் பூட்டு இறுகிப் போகும். ஒரு சாவி போட்டால் திறந்த கதவுக்கு நாலு சாவி தேவைப்படும். கணையம் விடாமல் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கும். இந்தக் கட்டத்தில் ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்த்தால் நார்மல் என்றே வரும். ஆளுக்கும் எந்தத் தொந்தரவும் தெரியாது. தாகம் இல்லை, அடிக்கடி சிறுநீர் போவதில்லை.

ஆனால் ரத்தத்தில் நிரம்பி ஓடும் அந்தக் கூடுதல் இன்சுலின் சும்மா இருப்பதில்லை. தோல் செல்களுக்கு அது உரம் போட்ட மாதிரி. கழுத்திலும் அக்குளிலும் தோல் தடிக்கிறது, கருக்கிறது, தொங்கு மரு கொத்தாக முளைக்கிறது. அதாவது சர்க்கரை வருவதற்கு சில வருடங்கள் முன்பே கழுத்து சொல்லிவிடும்.

மரு மட்டும் ஒன்றிரண்டு இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மருவோடு சேர்ந்து பின்கழுத்து கருத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்து, வரி வரியாக இருந்தால் அதை விடக்கூடாது. இதற்கு ‘அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்’ என்று பெயர். பெயரை மறந்துவிடலாம், கழுத்தை மறக்கக்கூடாது. பல வீடுகளில் இதை அழுக்கு என்றே நினைக்கிறார்கள். ‘குளிக்கும்போது கழுத்தைத் தேய்டி, எவ்ளோ அழுக்கு பாரு’ என்று வயசுப் பெண்ணை அம்மா திட்டுவதும், அந்தப் பெண் எலுமிச்சம்பழம், பீர்க்கங்கூடு, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான நார் எல்லாம் போட்டுத் தேய்த்து கழுத்தைப் புண்ணாக்கிக் கொள்வதும் நடக்கிறது. அது அழுக்கு இல்லையம்மா. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளித்தள்ளி வருகிறதா, முகத்தில் மீசை போல முடி வளர்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை பிரச்சினையாக இருக்கலாம். மகளிர் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது. திட்ட வேண்டிய விஷயம் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் துணையோடு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்றும், அதற்கு முந்தைய நிலையில், அதாவது வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்றும் அதில் கணக்கு வந்தது. உள்ளே போனவர்களைவிட வாசலில் நிற்பவர்கள் அதிகம்! வாசலில் நிற்கிறவர் நடந்து, சாப்பாட்டைக் குறைத்து, எடையைக் குறைத்தால் திரும்பி வர முடியும். உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் மாத்திரைதான், ஊசிதான். கழுத்து மருவைப் பார்த்து சுகர் டெஸ்ட் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

டெஸ்டுக்கு செலவு ஆகுமே என்கிறீர்களா? ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் இலவசமாகவே பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது வீட்டுக்கே வந்து பார்க்கும் வழியும் வந்தது.

வெறும் வயிற்றில் பார்க்கும் டெஸ்ட் என்றால் 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘நான் எதுவும் சாப்பிடலீங்க, ஒரு டீ மட்டும்தான்’ என்பார்கள். அந்த டீயில் பால் இருக்கிறது, 2 ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. அப்புறம் அது எப்படி வெறும் வயிறு? வெறும் வயிற்றில் 100-க்கு கீழே இருந்தால் நார்மல். 100 முதல் 125 வரை வாசற்படி. 126-ம் அதற்கு மேலும் வந்தால் சர்க்கரை நோய். அதையும் ஒரே டெஸ்டை வைத்து முடிவு செய்யாமல் மறுபடி பார்த்து டாக்டர் உறுதி செய்வார். ‘எச்.பி.ஏ.1.சி.’ என்ற 3 மாத சராசரி டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. அதில் 5.7-க்கு கீழே நார்மல், 6.5-ம் மேலும் என்றால் சர்க்கரை.

முன்பு சொன்னபடி, கணையம் சமாளிக்கும் கட்டத்தில் எல்லாமே நார்மல் என்று வரலாம். ‘அதான் நார்மல்னு வந்துடுச்சே’ என்று சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். கழுத்து கருத்து, மருவும் இருந்து, தொப்பையும் இருந்தால் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் டாக்டர்கள். எடை குறைத்தால் கழுத்துக் கருப்பு மெல்ல மெல்ல மங்கும். ஏற்கனவே தொங்கும் மரு பெரும்பாலும் உதிராது, அதை எடுத்தால்தான் போகும். புதிதாக வருவது குறையும்.

நூல் கட்டுறாங்க... சுண்ணாம்பு வைக்கிறாங்க...

தலைமுடியைக் கட்டினால் விழும், குதிரை முடி கட்டினால் இன்னும் சீக்கிரம் விழும் என்ற வைத்தியம் ஊர் ஊருக்கு இருக்கிறது. சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், மெல்லிய காம்பு உள்ள சின்ன மரு சில நேரம் அப்படி விழத்தான் செய்யும். ரத்தம் போகாமல் தடுத்தால் அது செத்து விழுகிறது. டாக்டர்களும் சில நேரம் அதே கட்டுப் போடும் முறையைச் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் சுத்தம் செய்த நூலை, சரியான இடத்தில், இறுக்கமாக ஒரே முடிச்சில் போடுகிறார்கள். வீட்டில் என்ன நடக்கிறது? அழுக்கு நூல், அரைகுறை முடிச்சு. ரத்தம் பாதி போகும், பாதி போகாது. மரு வீங்கி, நீலமாகி, 4 நாள் ராத்திரி தூக்கம் கெட்டு, சீழ் கட்டும். வியர்வையும் தூசியும் படும் கழுத்தில் சீழ் கட்டினால் என்ன ஆகும் என்று கட்டிட வேலை பார்ப்பவர்களுக்கு சொல்லத் தேவையில்லை. இதில் பெரிய வேடிக்கை, யாருக்கு இந்த மரு அதிகம் வருகிறதோ அவர்களில் நிறைய பேருக்கு தெரியாமலே சர்க்கரை இருக்கும். சர்க்கரை இருந்தால் புண் சீக்கிரம் ஆறாது.

சுண்ணாம்பு வைத்தியம் இன்னும் மோசம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையும் சோடா உப்பையும் குழைத்து மரு மேல் வைப்பார்கள். மரு எரிந்து விழுவது உண்மைதான். ஏன் தெரியுமா? சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் தண்ணீரில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகிறது. கழிவறைக் குழாய் அடைப்பை எடுக்கப் போடும் அதே சரக்கு. அதற்கு மரு எது, நல்ல தோல் எது என்று தெரியாது. மருவோடு சேர்த்து சுற்றியுள்ள தோலையும் தின்னும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மிளகு சைஸ் மரு இருந்த இடத்தில் 50 பைசா அகலத்துக்கு தழும்பு மிஞ்சும்.

முந்திரிக் கொட்டை எண்ணெயும் இதே கதைதான். பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். அந்தத் தோட்டு எண்ணெய் பட்டால் கை தோல் உரிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதைப் போய் கழுத்தில் தடவுகிறோம்! ஊதுபத்தியால் சுடுவது, பேட்டரி ஆசிட்டை தீக்குச்சியில் தொட்டு வைப்பது பற்றி எல்லாம் எழுதவே கை கூசுகிறது. ஆனால் செய்கிறார்கள்.

எருக்கம் பாலும் அப்படித்தான். குறிப்பாக கண் இமையில் இருக்கும் மருவுக்கு எருக்கம் பால் பக்கமே போகாதீர்கள். ஒரு சொட்டு கண்ணுக்குள் போனால் கருவிழி பாதிக்கும், பார்வை மங்கும். தவறிப் பட்டுவிட்டால் உடனே குழாய் தண்ணீரில் நிறைய நேரம் கண்ணைக் கழுவிவிட்டு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இமை மருவை தோல் டாக்டரோ கண் டாக்டரோதான் தொட வேண்டும்.

கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொள்ளும் பழக்கம் நம் மக்களிடம் உண்டு. வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் போனால் பார்க்கலாம். அதை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? வைரஸ் மரு, குறிப்பாக குழந்தைகளுக்கு வருவது, பெரும்பாலும் 2 வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். தொங்கு மரு அப்படி மறைவதில்லை. எப்படியோ, உப்பும் மிளகும் கோயிலில் போட்டால் தோலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. சுண்ணாம்பைக் கழுத்தில் போட்டால் உண்டு.

இப்போது புதிதாக ஆன்லைன் சரக்கு வேறு. ‘ஒரே ராத்திரியில் மரு மாயம்’ என்று வீடியோ போட்டு சின்ன பாட்டில், பேனா மாதிரி சூடு வைக்கும் மெஷின் எல்லாம் விற்கிறார்கள். பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஆசிட் வகையறா. அமெரிக்காவில் மருந்துகளை கட்டுப்படுத்தும் அமைப்பு, மருவும் மச்சமும் எடுக்க கடையில் நேரடியாக வாங்கும் மருந்து எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று சொல்லி, விற்ற கம்பெனிகளுக்கு 2022-ல் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. அங்கேயே அப்படி என்றால் இங்கே சந்தில் விற்பதை என்னவென்று சொல்வது? கடையில் ‘கார்ன் கேப்’, ‘மரு மருந்து’ என்று கேட்டு வாங்கும் சாலிசிலிக் ஆசிட் கை, கால் மருவுக்கும் ஆணிக்கும் உள்ளது. கழுத்து, அக்குள் தோல் மென்மையானது. அங்கே தடவினால் வெந்துவிடும்.

பஸ் நிலையத்துக்கு வெளியே துணி விரித்து, ‘மச்சம், மரு வலியில்லாமல் எடுக்கப்படும்’ என்று போர்டு வைத்திருப்பவர்கள், டாக்டர் இல்லாமலே மெஷின் வைத்து சுடும் சில பார்லர்கள் ஆகிய இடங்களில் கேட்க வேண்டியது ஒன்றுதான். முந்தின ஆளுக்குப் போட்ட ஊசி எங்கே? ஒரே ஊசி, ஒரே பிளேடு பல பேருக்கு என்றால் மஞ்சள்காமாலை பி, சி கிருமிகள் ரத்தம் வழியாக வந்து சேரும். மரு போகும், கல்லீரல் நோய் வரும். நல்ல வியாபாரம்!

சலூனில் வெட்டு பட்டுட்டா?

ஷேவிங் செய்யும்போது பிளேடு பட்டு மரு அறுந்துவிடும். செயின் மாட்டி இழுத்து அறுந்துவிடும். கைக்குழந்தை பிடித்து இழுத்துவிடும். அந்தப் பொடி காம்புக்குள் ரத்தக்குழாய் இருப்பதால் சின்ன வெட்டுக்கு இவ்வளவு ரத்தமா என்று பதறும் அளவுக்கு கொட்டும். பதற வேண்டாம். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் நடுவில் எடுத்துப் பார்த்தால் நிற்காது. நின்றதும் சோப்பு போட்டு கழுவி, கிருமி நாசினி களிம்பு போடலாம். டீத்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு அடைக்காதீர்கள். துருப்பிடித்த கத்தி, பழைய பிளேடு என்றால் டி.டி. ஊசி பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு 10 நிமிடத்தில் நிற்காமல் போகலாம். அவர்கள் தாமதிக்காமல் போக வேண்டும்.

சில நேரம் காம்பு தானாகவே முறுக்கிக்கொள்ளும். ரத்தம் போகாமல் மரு திடீரென்று கருத்து, வலிக்கும். ‘கேன்சர் ஆயிடுச்சோ’ என்று குலை நடுங்கும். பெரும்பாலும் அது சில நாளில் காய்ந்து விழுந்துவிடும். ஆனாலும் கருத்த எதையும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கேன்சர் பயம் பற்றி கேட்பவர்கள் அதிகம் என்பதால் சொல்லிவிடுவோம். மெத்தென்று, தோல் நிறத்தில், காம்போடு தொங்கும் மரு கேன்சர் ஆவது மிக மிக அபூர்வம். கவனிக்க வேண்டியவை வேறு. திடீரென்று வேகமாக வளர்வது, ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நிறம் தெரிவது, ஓரம் கோணல்மாணலாக இருப்பது, தொடாமலே ரத்தம் கசிவது, மாதக்கணக்கில் ஆறாத புண், கெட்டியாகக் கல்லு மாதிரி இருப்பது. நம்ம ஆட்களுக்கு தோல் கேன்சரில் ஒரு மோசமான வகை உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வரும். செருப்பு இல்லாமல் நடந்து பழகியதால் அங்கே கருப்புத் திட்டு வந்தால் ரத்தக்கட்டு என்று விட்டுவிடுகிறோம். கழுத்து மருவைக் கண்டு பயப்படுகிற நேரத்தில் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

வெளியே சொல்லக் கூசும் இடத்தில் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசனவாயில் தொங்கும் சதை, மூலமாகவோ பழைய வெடிப்பு ஆறிய தோலாகவோ இருக்கலாம். பிறப்புறுப்பில் வருவது உடலுறவால் தொற்றும் வைரஸ் மருவாக இருக்கலாம். இதை எல்லாம் தொங்கு மரு என்று நினைத்து நூல் கட்டக்கூடாது. அரசு ஆஸ்பத்திரி பால்வினை நோய் பிரிவில் யாரும் உங்களைக் கேலி செய்யப் போவதில்லை. கணவன், மனைவி இரண்டு பேருமே காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வாங்க?

சின்னதாக இருந்தால் மரத்துப்போகும் களிம்பு தடவி, கொஞ்சம் பெரிதாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, கத்தரியால் ஒரே வெட்டு. இல்லை என்றால் கரண்ட் சூட்டில் காம்பைச் சுடுவார்கள். ரத்தம் அங்கேயே நின்றுவிடும். பத்து, பதினைந்து மருவைக்கூட ஒரே தடவையில் எடுத்துவிடலாம். திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைக்கும் முறையும் உண்டு. மைனஸ் 196 டிகிரி குளிர். அது நம் கருத்த தோலில் சில நேரம் வெள்ளைத் தழும்பு விட்டுவிடும் என்பதால் கழுத்துக்கு வேறு வழி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் எடுத்த சதையை லேப்புக்கு அனுப்புவார்கள். அனுப்பினாலே கேன்சர் என்று அர்த்தம் இல்லை.

சென்ட்ரல் ரெயில் நிலையம் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை ராஜாஜி என்று அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்க்கு தனிப்பிரிவு இருக்கிறது. ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை நியாயமானது. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். முதல் நாளே எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், வேறு நாள் வரச்சொல்வார்கள். முதல் நாளே வெறும் வயிற்றில் போனால் சுகர் டெஸ்டையும் கையோடு முடித்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: சர்க்கரை இருக்கிறதா, ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா, முன்பு காது குத்திய இடத்திலோ தையல் போட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்ததா. பேஸ்மேக்கர் இருந்தால் கரண்ட் சூடு வைக்க யோசிப்பார்கள். தழும்பு தடிக்கும் வாகு உள்ளவர்களுக்கு நெஞ்சுப் பகுதி மருவை தொடாமல் விடுவதே நல்லது என்றுகூட சொல்லலாம்.

எடுத்த பிறகு ஒரு வாரம், பத்து நாள் கவனம். மேலே பொருக்கு கட்டும், அதைப் பிய்க்கக்கூடாது, தானாக விழும். கொடுத்த களிம்பைத் தடவுங்கள். செயின், இறுக்கமான காலர், தலையில் சுமை தூக்கும்போது கழுத்தில் படும் துண்டு எல்லாம் அதுவரை வேண்டாம். தாலியைக் கழற்ற மனம் இல்லாதவர்கள் சரடுக்கும் புண்ணுக்கும் நடுவே சுத்தமான காட்டன் துணி வைத்துக்கொள்ளலாம். சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் திரும்பப் போய் காட்டுங்கள்.

எடுக்காமலே விட்டுவிட்டால்? தாராளமாக விடலாம். காலரில் மாட்டவில்லை, வலிக்கவில்லை, பார்க்க உங்களுக்கு சங்கடம் இல்லை என்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும். 70 வயது தாத்தா கழுத்தில் 30 வருடமாக ஆடிக்கொண்டிருக்கும் மருவை யாரும் வெட்டச் சொல்லவில்லை. அவருக்கு சுகர் பார்த்து எத்தனை நாள் ஆச்சு என்று மட்டும் கேளுங்கள்.